மாமியாருக்குப் போன ஃபோகஸ்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கை தவறவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று எனக்காகப் பரிந்து பேசியவர்கள் பலர். அவர்கள் நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் இந்த யானைக்கு அன்றைக்கு அடி சறுக்கவே இல்லை.

நான் சினிமாவில் ஃபோகஸ் புல்லர். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரையையும், கையில் ஒரு சக்கரத்தையும் வைத்துக்கொண்டு நிற்பேன். சக்கரத்தைத் திருப்பினால் லென்ஸின் வளையம் திரும்பும். எது தெளிவாகத் தெரிய வேண்டும், எது மங்கிப் போக வேண்டும் என்பது அந்தத் திருப்பலில் இருக்கிறது. நடிகர் நிற்கும் இடத்தை டேப் வைத்து அளந்து தரையில் குறி ஒட்டுவதும் என் வேலைதான். அதனால் யூனிட்டில் எனக்கு ‘டேப்’ என்றே பெயர். பத்தொன்பது வருடம் ஆயிற்று. என் வேலையை நான் சரியாகச் செய்தால் யாருக்கும் நான் இருப்பதே தெரியாது, தப்பாகச் செய்தால் தியேட்டரில் கடைசி வரிசைக்காரனுக்கும் தெரியும்.

இந்தப் படத்துக்குக் கேமராமேன் எடுத்தது 8கே கேமரா. ஒரு ஃபிரேமுக்கு மூன்றரைக் கோடிப் புள்ளிகள். ஆனால் லென்ஸ் மட்டும் நாற்பது வருடப் பழசு. புது லென்ஸ் முகத்தில் உள்ளதையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும், கொஞ்சம் மென்மை வேண்டும் என்பார். அதாவது கோடிக்கணக்கில் புள்ளிகளை வாங்குவது, பிறகு அதில் பாதியை மழுங்கடிக்க ஒரு கண்ணாடியையும் வாங்குவது. அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த லென்ஸில் தோல் தோலாகத் தெரியும், எனக்கும் பிடிக்கும். சண்டை எதிலென்றால், வெளிச்சம் நுழையும் அதன் வாயை முழுக்கத் திறந்து வைத்துத்தான் எடுப்பேன் என்று அவர் அடம்பிடித்ததில். எழுபத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ், பெரிய சென்சார், ஆறரை அடி தூரம். தெளிவாகத் தெரியும் ஆழம் மூன்று விரல் அகலம்தான். இமை தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். நடிகர் மூச்சு விட்டாலே அந்த மூன்று விரலை விட்டு வெளியே போய்விடுவார்.

பழைய நாளில் சின்னப் பிசகு யார் கண்ணுக்கும் படாது. இப்போது மூன்றரைக் கோடிப் புள்ளியில் ஒவ்வொரு புள்ளியும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அதனால்தான் சொல்கிறேன், தப்பு எது, தப்பு இல்லாதது எது என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடம். காலியாகக் கிடந்த ஒரு ஆபீஸ் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, சுவருக்குப் பச்சை அடித்து, டியூப்லைட் மாட்டி ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து ஹீரோவிடம் அவர் அப்பா போய்விட்டதாகச் சொல்ல வேண்டும். ஹீரோ அப்படியே நிற்க வேண்டும். பின்னால் நாற்காலிகளில் காத்திருப்பவர்களாகப் பன்னிரண்டு துணை நடிகர்கள். அவர்களில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவர் என் மாமியார்.

அவர் அங்கே எப்படி வந்தார் என்று சொல்ல வேண்டும். அத்தை முப்பது வருடம் தபால் ஆபீஸ் கவுன்டரில் இருந்து ரிடையர் ஆனவர். பக்கத்து வீட்டுக்காரி துணை நடிகையாகப் போய்க்கொண்டிருந்தாள், அவளோடு சேர்ந்துகொண்டார். உன் மருமகளும் சினிமாதானே என்று யாராவது கேட்டால், அவள் கேமராவுக்குப் பின்னால், நான் முன்னால் என்பாராம். இதை என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வழியும் இல்லை, ஏனென்றால் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளாமல் அப்போதே எட்டு மாதம் ஆகியிருந்தது.

காரணம் சின்னது. ஒருநாள் விருந்தாளிகளுக்குப் போட்ட டீயில் அத்தை சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார். மறுநாள் நான் செட்டில் லென்ஸ் பெட்டிகளுக்கு ஒட்டுவதுபோல, சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் வெள்ளை டேப் ஒட்டி மார்க்கரில் எழுதிவைத்தேன். உப்பு, சர்க்கரை, ரவை என்று. உதவியாகத்தான் செய்தேன். அத்தை எல்லாவற்றையும் பிய்த்து உருட்டி என் தலையணைமேல் வைத்துவிட்டு, நான் என்ன குருடியா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். அதோடு சரி. அதற்குப் பிறகு எங்களுக்கு நடுவில் என் வீட்டுக்காரர்தான் தபால்காரர். மனிதர் லிஃப்ட் மெக்கானிக், இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்வது அவருக்குப் பழக்கம்.

ஆக, செட்டில் அத்தையைப் பார்த்ததும் நான் பார்க்காததுபோல் இருந்தேன். அவரும் அப்படித்தான். நல்ல நடிகை.

முதல் இரண்டு டேக்கில் ஹீரோ கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு அழுதார். ஃபோகஸ் இமையில் கச்சிதம். ஆனால் டைரக்டர் முகம் தொங்கிவிட்டது, அழுகை அழுகையாக இல்லை. மூன்றாவது டேக்கில் ஹீரோ மருந்தை மறந்துவிட்டு வந்து நின்றார். டாக்டர் சொன்னதும் அவர் நடிக்கவில்லை. கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்க, சும்மா நின்றார். அந்தப் படம் முழுக்க அவர் நன்றாகச் செய்தது அந்த நிற்பு ஒன்றைத்தான்.

நான்கு விநாடி அவர் முகத்தில் இருந்தேன். அப்போது பின்னால், மங்கலில், ஏதோ அசைந்தது. பின்னால் இருப்பவர்கள் யாரும் அசையக் கூடாது என்று உதவி இயக்குநர் மூன்று தடவை கத்தியிருந்தார். என் திரையில் ஒரு பழுப்பு நிறத் திட்டு மெல்ல மேலே எழும்பியது. அத்தை பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். ஹீரோவைப் பார்த்தபடி, சத்தமில்லாமல், ஒரு நாற்காலியைக் காலி செய்தார்.

என் கை திரும்பியது. ஆறரை அடியிலிருந்து பதின்மூன்று அடிக்கு, நிதானமாக, ஒரு விநாடியில். ஹீரோவின் முகம் கரைந்தது. காலி நாற்காலியும், பையைப் பிடித்திருந்த கையும், அந்த முகமும் தெளிவாயின. ஒன்பது விநாடி அங்கேயே இருந்தேன். கேமராமேன் பெரிய மானிட்டரில் பார்த்துக்கொண்டிருந்தார். டைரக்டர் கட் சொன்னபோது அவர் குரல் கம்மியிருந்தது. கேமராமேன் ஓகே என்றார். தயங்கிச் சொல்லவில்லை, தெளிவாகச் சொன்னார். சாயங்காலமே நாற்காலிகளை ஏற்றிவிட்டுச் சுவரை மறுபடி வெள்ளை அடித்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்துத்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. படத்தை வாங்கிய நிறுவனம் ஒவ்வொரு ஷாட்டையும் ஆய்வு செய்து ஒரு அறிக்கை அனுப்பும். இங்கே ஃபோகஸ் இல்லை, அங்கே நிறம் மாறுகிறது என்று வரிவரியாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் இரண்டு கட்டம். ஒன்று ‘பிழை’, இன்னொன்று ‘நோக்கம்’. பிழை என்று நாம் ஒப்புக்கொண்டால் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். நோக்கம் என்று எழுதிவிட்டால், டைரக்டரே எழுத்தில் மறுத்தாலொழிய யாரும் அந்த ஷாட்டில் கை வைக்கக் கூடாது. எங்கள் அறிக்கையில் நாற்பத்தேழாவது வரி: நாயகன் முகம் ஒன்பது விநாடி தெளிவாக இல்லை.

தயாரிப்பாளருக்கு அப்போதுதான் தெரிந்ததாம். ஹீரோவுக்கும் அப்போதுதான். தன் வாழ்க்கையின் சிறந்த நடிப்பில் தன் முகமே இல்லை என்று அவர் குதித்தார். செட் இல்லை, மறுபடி எடுக்க முடியாது, முதல் இரண்டு டேக்கின் மருந்து அழுகையும் உதவாது. அப்போதுதான் ஸ்டுடியோவில் ஒருவர் ஒரு வழி சொன்னார். மங்கலான படத்தைச் சின்னதாகச் சுருக்கினால் கொஞ்சம் தெளிவாகத் தோன்றும். பிறகு அதை ஒரு மென்பொருளில் போட்டுப் பெரிதாக்கினால், இல்லாத விவரங்களை அதுவே யோசித்து நிரப்பும்.

அதை எனக்கும் போட்டுக் காட்டினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதிலாவது பிடித்தவன் குரங்கு என்று ஒப்புக்கொள்வான். இங்கே அதற்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹீரோவின் இமை மயிர்கள் ஒவ்வொன்றும் சீவியதுபோல் தனித்தனியாக நின்றன. தாடி பேனாவால் வரைந்ததுபோல் இருந்தது. கன்னத்தில் விழுந்த டியூப்லைட் வெளிச்சத்தைக் கண்ணீர் என்று நினைத்து, மென்பொருள் அங்கே ஒரு சொட்டை உருட்டிவிட்டிருந்தது. அழாமல் நின்ற மனிதரை மெஷின் அழவைத்துவிட்டது. ஹீரோவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று, மருந்தில்லாமல் வந்த கண்ணீர் என்று சொன்னாராம். பின்னால் அத்தையைத் தேய்த்து மங்கலாக்கியிருந்தார்கள். பை மேலே எழும்பும் இடத்தில் சுவரில் ஈரம் பூத்ததுபோல் ஒரு கறை நகர்ந்தது.

ஒரு ஃபிரேமில் எத்தனை கோடிப் புள்ளி என்பது கேமராவின் கணக்கு. அதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு மனுஷிதான் முடிவு செய்ய வேண்டும். அப்படி ஒருத்தி முடிவு செய்ததை அழித்துவிட்டு, அந்த இடத்தில் மெஷின் கற்பனை செய்த மயிரை நட்டிருக்கிறார்கள்.

அதைவிட எரிச்சல், யூனிட்டில் கிளம்பிய பேச்சு. பின்னால் இருப்பது டேப்பின் மாமியார் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். சொந்தக்காரியைக் காட்டுவதற்காக ஹீரோவையே மங்கலாக்கிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உலகம் உண்டான நாளிலிருந்து எந்த மருமகளாவது மாமியாருக்காக ஃபோகஸை மாற்றியிருக்கிறாளா? அதுவும் எட்டு மாதம் பேசாத மாமியாருக்காக.

தயாரிப்பு மேனேஜர் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து நயமாகச் சொன்னார். நாற்பத்தேழாவது வரியில் பிழை என்று எழுதி, ஃபோகஸ் புல்லரின் கைத்தவறு என்று நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் மெஷின் செய்ததை அப்படியே சேர்த்துவிடலாம். யாரும் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேமராமேனின் அடுத்த படம் பெரிய படம், எட்டு மாத வேலை, அதில் என் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அப்படியே இருக்கும். போடாவிட்டால் இருக்காது. பக்கத்தில் கேமராமேன் உட்கார்ந்து தன் விரல் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அன்றைக்கு ஓகே சொன்ன வாய் இன்றைக்குத் திறக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். கேமராமேன் ஒரு முகத்தை மங்கலாக்கினால் அது பாணி, நான் ஆக்கினால் கைத்தவறு. மறுநாள் வரை யோசிக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். அவர் பாவம், ஒரு வார்த்தைதானே, போட்டுவிட்டு வா என்றார். எட்டு மாதச் சம்பளத்தை நினைத்துச் சொன்னார், அதில் தப்பில்லை. நான் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். கதவருகே அத்தை வந்து நின்றார். மகனைப் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்துப் பேசினார்.

“என் மூஞ்சியை அழிச்சிட்டாங்களாமே.”

“அழிக்கல. மங்கலாக்கியிருக்காங்க.”

“ஆக்கிட்டுப் போகட்டும். முப்பது வருஷம் கவுன்டர்ல உட்கார்ந்தேன், எவன் என் மூஞ்சியைப் பாத்தான்? எல்லாரும் கையைத்தான் பாப்பாங்க. அவங்க கேக்குறதை எழுதிக் குடுத்துட்டு உன் வேலையைக் காப்பாத்திக்கோ.”

“நான் உங்களுக்காக அதைப் பண்ணல.”

“அது எனக்குத் தெரியாதா? எனக்காக நீ ஒரு சன்னலைக்கூடத் திறந்ததில்ல.”

என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார். நான் ஒரு சட்டையை மடித்து, சரியில்லை என்று உதறி, மறுபடி மடித்தேன். மூன்று மாதமாக எனக்குள் கிடந்த கேள்வியை அன்றைக்குத்தான் கேட்க முடிந்தது. அசையக் கூடாது என்று அத்தனை தடவை சொல்லியும் எதற்காகப் பையை எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

ஃபாரத்தைத் தப்பாக நிரப்பிக்கொண்டு கவுன்டருக்கு வந்தவளைப் பார்ப்பதுபோல் அத்தை என்னைப் பார்த்தார்.

“அவன் நின்னுக்கிட்டிருந்தான்ல.”

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். அப்பாவை இழந்த ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான், இவர் இடம் விட்டார். அது நடிப்பு என்றோ, கேமரா ஓடுகிறது என்றோ அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. எனக்குக் கண் கலங்கியது. அத்தைமேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம், கோபம்தான் பொங்கியது. மூன்றரைக் கோடிப் புள்ளியில் உயிரோடு இருந்தது அந்தப் பையும் நாற்காலியும்தான். அதைக் கறை என்று தேய்த்துவிட்டு, அதற்கு நான் கைத்தவறு என்று பெயர் வைத்துக் கையெழுத்தும் போட வேண்டும். மாட்டேன். சம்பளம் போனால் வேறு வழி தேடலாம், இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு மறுபடி சக்கரத்தில் கை வைத்தால் அந்தக் கை என்னுடையதாக இருக்காது.

மறுநாள் ஆபீஸில் மேனேஜர், கேமராமேன், டைரக்டர் மூவரும் இருந்தார்கள். அறிக்கையைத் தயாராக என் முன்னால் வைத்து, பிழை என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் லேசாக ஒரு குறிகூடப் போட்டு வைத்திருந்தார் மேனேஜர். நான் பேனாவை எடுத்து அடுத்த கட்டத்தில் எழுதினேன். ‘நோக்கம். பின்னால் இருக்கும் அம்மா அவருக்கு உட்கார இடம் விடுகிறார். அந்த அறையில் அப்போது பார்க்க வேண்டியது அது ஒன்றுதான். ஃபோகஸைத் தெரிந்தே மாற்றினேன்.’ கீழே என் பெயரை முழுதாக எழுதி, ஃபோகஸ் புல்லர் என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.

மேனேஜர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“ஃபோகஸ் புல்லருக்கெல்லாம் நோக்கம்னு ஒண்ணு கிடையாதும்மா. அது டைரக்டருக்கு, கேமராமேனுக்கு.”

“பிழை மட்டும் எனக்கு உண்டா? நேத்து அதுக்கு என் கையெழுத்துச் செல்லும்னு சொன்னீங்க. இதுக்கும் அதே கையெழுத்துதான்.”

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். யாரும் தடுக்கவில்லை.

இனி டைரக்டர் என் வார்த்தையை எழுத்தில் மறுத்தால் போதும், மெஷின் அழுகை படத்தில் ஏறிவிடும். டைரக்டர் கழுவுற மீனில் நழுவுற மீன். அந்த ஷாட்டை அவருக்குப் பிடித்திருந்தது, ஆனால் நோக்கம் என்னுடையது என்று சொல்லி என் பக்கத்தில் நிற்கத் தைரியமில்லை. அதே தைரியம் மறுத்து எழுதவும் வரவில்லை. ஹீரோ கூப்பிட்டால் மீட்டிங்கில் இருந்தார், மேனேஜர் கூப்பிட்டால் டாக்டரிடம் இருந்தார். நான்கு நாள் எல்லார் போனிலிருந்தும் நழுவினார், ஐந்தாம் நாள் அறிக்கையை அனுப்ப வேண்டிய கெடு முடிந்தது. நாற்பத்தேழாவது வரி நான் எழுதியபடியே போய்ச் சேர்ந்தது. ஒன்பது விநாடி, எடுத்தபடியே படத்தில் நின்றது. வீரர்களால் முடியாத காரியத்தைச் சில நேரம் ஒரு கோழை செய்துமுடித்துவிடுகிறான்.

அடுத்த வாரம் கேமராமேன் போன் செய்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். சுற்றிவளைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். பெரிய படத்தில் என் பெயரை எடுத்துவிட்டார்கள், தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றார். எனக்கு அது முன்பே தெரியும். பதினொரு படம் அவரோடு செய்திருக்கிறேன்.

“ஒரே ஒரு வார்த்தை. பிழைன்னு எழுதியிருந்தா நீ இப்ப என்கூட இருந்திருப்பே. இனிமே எங்கேயாவது இப்படி ஒரு ஷாட் வந்தா என்ன செய்வே டேப்?”

“திரும்பவும் திருப்புவேன் சார்.”

பிறகு, அன்றைக்கு மானிட்டரில் பார்த்து அவரே ஓகே சொன்னதை அந்த அறிக்கையில் நான் எழுதிவிட்டேனா என்று மெல்லக் கேட்டார். அவர் போன் செய்ததே அதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“இல்ல சார். உங்களுக்கு அதுல பங்கு குடுக்க எனக்கு மனசு வரல.”